மலிவுக் கணினி: விலை தெரியும், ஆயுள் தெரியுமா?

2011 அக்டோபர் 5ஆம் தேதி டெல்லியில், அன்றைய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபல் ‘ஆகாஷ்’ என்ற கைக்கணினியை வெளியிட்டார். மானியம் போக மாணவருக்கு 35 டாலரில் கிடைக்கும் என்றார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஐந்து மாதம் முடிவதற்குள், 2012 பிப்ரவரி 29 அன்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து இன்னொரு 35 டாலர் கணினி விற்பனைக்கு வந்தது. அதற்குத் திரை இல்லை, பேட்டரி இல்லை, மேலே மூட ஒரு பெட்டிகூட இல்லை. ஏடிஎம் அட்டை அளவில் ஒரு பச்சைப் பலகை, அவ்வளவுதான். பெயர் ராஸ்பெர்ரி பை. முதல் நாளே வாங்க வந்த கூட்டம் தாங்காமல் அதை விற்ற இரண்டு நிறுவனங்களின் இணையதளங்களும் படுத்துவிட்டன.

இரண்டையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் ஆர்ம்11 தலைமுறைச் சிப். இரண்டிலும் 256 எம்பி நினைவகம். வேகத்தில் பை முந்தியது. திரை, பேட்டரி என்று பார்த்தால் ஆகாஷ்தான் கொடுத்த காசுக்கு அதிகம் தந்தது. இன்று ஆகாஷைப் பழைய செய்தித்தாள்களில்தான் தேட வேண்டும். ராஸ்பெர்ரி பை 6 கோடிக்கு மேல் விற்று, 2024 ஜூனில் லண்டன் பங்குச் சந்தையிலும் பட்டியலாகிவிட்டது.

ஆகாஷ் தோற்றதற்குப் பல காரணங்கள் உண்டு. விரலால் அழுத்தினால் மட்டுமே கேட்கும் திரை, சீக்கிரம் தீரும் பேட்டரி, தயாரித்த நிறுவனத்துக்கும் பொறுப்பேற்ற கல்வி நிறுவனத்துக்கும் நடந்த இழுபறி என்று அப்போதே நிறையப் பேசியாயிற்று. அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று இருக்கிறது. ஆகாஷில் இருந்தது ஆண்ட்ராய்டு 2.2. ஆகாஷ் வெளியான இரண்டு வாரத்தில் கூகுள் ஆண்ட்ராய்டு 4.0ஐ அறிவித்துவிட்டது. கூகுளின் செயலிக் கடையும் ஆகாஷில் இல்லை. அதாவது, மாணவன் கையில் போய்ச் சேரும்போதே அதன் மென்பொருள் பழசு. அதைப் புதுப்பித்துத் தருவது யார் வேலை என்பதற்கும் பதில் இல்லை. அடுத்த ஆண்டு ஆகாஷ் 2 வந்தது, ஆண்ட்ராய்டு 4.0 உடன். முதல் ஆகாஷை வாங்கியவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

2012இல் வாங்கிய முதல் ராஸ்பெர்ரி பையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் வெளிவந்த இயங்குதளப் பதிப்பு அதிலும் ஓடும். இழுத்துப் பறித்துக்கொண்டுதான் ஓடும், ஆனால் ஓடும். பாதுகாப்புத் திருத்தங்களும் வரும். 11 ஆண்டு பழைய கைபேசிக்கு எந்த நிறுவனமாவது இப்படிச் செய்ததுண்டா?

இங்கேதான் நாம் பார்க்கத் தவறும் விஷயம் இருக்கிறது. மலிவுக் கணினி என்றதும் நம் அரசுகளும் பள்ளிகளும் கல்லூரிகளும் கேட்கும் முதல் கேள்வி விலை. இரண்டாவது, ரேம் எவ்வளவு. அந்தப் பலகையில் ஓடும் இயங்குதளத்தை எத்தனை ஆண்டுக்கு யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்பவர் அரிது. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத பலகை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விலை அதிகம்தான்.

இரண்டு தன்னார்வலர்கள் செய்த வேலை

ராஸ்பெர்ரி பையின் வெற்றிக்கு எபன் அப்டனின் பெயரைச் சொல்வது வழக்கம். சரிதான். கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க வரும் மாணவர்களுக்கு நிரல் எழுதிய பழக்கமே குறைந்துவருவதைக் கவனித்து, அவரும் நண்பர்களும் தொடங்கிய முயற்சி அது. 1980களில் இங்கிலாந்துப் பள்ளிகளில் இருந்த பிபிசி மைக்ரோ கணினியின் நினைவாகத்தான் ஏ, பி என்று மாடல்களுக்குப் பெயர் வைத்தார்கள். ஆனால், பலகையைக் கணினியாக்கியவர்கள் வேறு இருவர்: மைக் தாம்ப்சன், பீட்டர் கிரீன். இருவரும் பையை வெளியிட்ட ராஸ்பெர்ரி பை அறக்கட்டளையின் ஊழியர்கள் அல்லர்.

நடந்தது இதுதான். 1993 முதல் தன்னார்வலர்கள் கட்டிக் காத்துவரும் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு, ஆர்ம் சிப்களுக்கு இரண்டு வகையாகக் கிடைத்தது. ஒன்று புதிய சிப்களுக்கு. தசமக் கணக்குகளைச் சிப்பிலேயே போடும், வேகமானது. இன்னொன்று பழைய சிப்களுக்கு. அந்தக் கணக்குகளை மென்பொருளிலேயே சுற்றிவளைத்துப் போடும், மெதுவானது. பையின் சிப் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. தசமக் கணக்கு போடும் பகுதி அதில் உண்டு. ஆனால், புதிய வகை டெபியன் கேட்கும் தலைமுறைக்கு ஒரு படி கீழே இருந்தது. ஆகவே, மெதுவான வகையோடு காலம் தள்ள வேண்டிய நிலை.

தாம்ப்சனும் கிரீனும் டெபியன் முழுவதையும் அந்த ஒரு சிப்புக்காக மறுபடியும் தொகுத்தார்கள். 35,000க்கும் மேற்பட்ட மென்பொருள் தொகுப்புகள். 2012 ஜூனில் முதல் சுற்று முடிந்தது. ‘ராஸ்பியன்’ என்று பெயர். அடுத்த மாதமே அறக்கட்டளை அதைத் தன் பரிந்துரையாக ஏற்றுக்கொண்டது. 2020இல் பெயர் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் என்று மாறியது. 2022இல் 64 பிட் பதிப்பும் வந்தது. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் ‘ஆப்ட் இன்ஸ்டால்’ என்று தட்டியதும் பைத்தான் முதல் வேர்டு பிராசசர் வரை இறங்கியதென்றால், அதற்குப் பின்னால் இருந்தது அந்த வேலை. 35 டாலர் பலகைக்கு. இந்த உழைப்பு எந்த விலைப்பட்டியலிலும் வராது.

ஏன் பலகைக்கு ஒரு இயங்குதளம்?

சாதாரண மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் புரியாது. உபுண்டு லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைச் செய்து டெல், ஹெச்பி, லெனோவோ என எதில் செருகினாலும் ஏறக்குறைய எழுந்துவிடும். அங்கே பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ என்று ஒன்று இருந்து, “இன்னின்ன உறுப்புகள் இன்னின்ன இடத்தில் இருக்கின்றன” என்று இயங்குதளத்துக்குச் சொல்லிவிடுகிறது. ஆர்ம் சிப் வைத்த சிறு பலகைகளில் பெரும்பாலும் இந்த ஏற்பாடு கிடையாது. கதவு எண்ணே இல்லாத தெருவுக்குப் புதிதாக வந்த தபால்காரர் நிலைதான் லினக்ஸுக்கு. தெருக்காரர் யாராவது எந்த வீட்டில் யார் என்று சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் கடிதம் போய்ச் சேரும்.

அந்தச் சீட்டுக்கு ‘டிவைஸ் ட்ரீ’ என்று பெயர். எந்த முகவரியில் யுஎஸ்பி, எந்தக் காலில் விளக்கு, எந்த மின்னழுத்தத்தில் மெமரி கார்டு என்று பலகைக்குப் பலகை எழுத வேண்டும். ஒரு காலத்தில் அதுவும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் பலகைக்கான விவரத்தை லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இஷ்டத்துக்கு எழுதிச் சொருகியது. 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து திட்டித் தீர்த்த பிறகுதான், விவரத்தைத் தனிக் கோப்பாக வெளியே எடுக்கும் வழக்கம் ஆர்ம் உலகில் நிலைபெற்றது.

சீட்டு மட்டும் போதாது. சிப்பில் உள்ள ஒவ்வொரு உறுப்பையும் இயக்க டிரைவர் வேண்டும். இதில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தயாரிப்பாளர் தன் டிரைவர்களை லினக்ஸின் பொதுக் கெர்னலிலேயே சேர்த்துவிடுவது. அங்கே கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள், திருத்தச் சொல்வார்கள், மாதக்கணக்கில் இழுக்கும். சேர்ந்துவிட்டால், நிறுவனமே மூடினாலும் அடுத்தடுத்த கெர்னல்களில் அந்தப் பலகை ஓடும். இன்னொன்று குறுக்குவழி. ஏதோ ஒரு ஆண்டின் கெர்னலை நகல் எடுத்து, அதில் தன் டிரைவர்களை ஒட்டுப்போட்டு, ‘இதுதான் எங்கள் பலகைக்கான இயங்குதளம்’ என்று வெளியிட்டுவிட்டு அடுத்த சிப்பைப் பார்க்கப் போய்விடுவது. மலிவுப் பலகைகளில் பெரும்பாலானவை இரண்டாவது வழியில் வந்தவை. அவற்றின் இயங்குதளம் பிறந்த நாளிலேயே உறைந்துவிடுகிறது.

இதன் விளைவுக்கு ஒரு நல்ல சாட்சி 2016இல் கிடைத்தது. மலிவுப் பலகைகளில் அதிகம் பயன்பட்ட ஆல்வின்னர் நிறுவனத்தின் சில சிப்களுக்கான 3.4 வரிசைக் கெர்னலில், அந்நிறுவனமே சோதனைக்காக வைத்த ஓட்டை ஒன்று அப்படியே கிடந்தது. கணினியில் உள்ள எந்தச் சாதாரணப் பயனரும் ஒரு குறிப்பிட்ட கோப்பில் ‘ரூட்மைடிவைஸ்’ என்ற ஒற்றைச் சொல்லை எழுதினால் போதும், முழு அதிகாரமும் கைக்கு வந்துவிடும். கடவுச்சொல் வேண்டாம், திறமை வேண்டாம். அந்தக் கெர்னலை நகல் எடுத்த பலகைகள் எல்லாவற்றுக்கும் இந்த ஓட்டையும் சீதனமாகப் போயிருந்தது. இதைப் பற்றி வெளியில் எச்சரித்தவர்களில் ஆர்ம்பியன் என்ற தன்னார்வத் திட்டத்தினரும் உண்டு.

ஆர்ம்பியனைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. ஆரஞ்சு பை, பனானா பை, நானோ பை, ஓட்ராய்டு என்று சந்தையில் குவிந்த பலகைகளுக்கு, தயாரித்தவர்கள் செய்யாத வேலையை அவர்கள் செய்கிறார்கள். டெபியனையும் உபுண்டுவையும் அடிப்படையாக வைத்து, முடிந்தவரை பொதுக் கெர்னலோடு, ஒவ்வொரு பலகைக்கும் ஓர் இயங்குதளம். எல்லாப் பலகைக்கும் அவர்களாலும் முடிவதில்லை. பொறுப்பேற்க ஆள் இல்லாத பலகையைப் பராமரிப்புப் பட்டியலிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது? லாபம் பார்த்த நிறுவனம் கைகழுவிய பொருளைத் தூக்கிச் சுமக்க யாருக்கும் கடமை இல்லை.

9 டாலர் கணினி என்ன ஆனது?

2015இல் அமெரிக்காவின் ஓக்லாந்திலிருந்து நெக்ஸ்ட் திங் என்ற சிறு நிறுவனம் ‘சிப்’ என்ற பெயரில் 9 டாலர் கணினியை அறிவித்தது. பொதுமக்களிடம் முன்பணமாகவே 20 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. பலகை மோசமில்லை, வைஃபையும் உள்ளேயே இருந்தது. 2018இல் நிறுவனம் மூடப்பட்டது. அதோடு மென்பொருள் இறக்கும் சர்வர்களும் நின்றன. பயனர்கள் சிலர் கோப்புகளை நகல் எடுத்து வைத்திருந்ததால் அந்தப் பலகைகளுக்குக் கொஞ்சம் உயிர் மிச்சம் இருந்தது. பலகை கெடவில்லை, இறந்தது மென்பொருளின் முகவரி.

சிறிய நிறுவனம், அதனால் இப்படி என்று தள்ளிவிட முடியாது. இன்டெல் 2013 முதல் கலிலியோ, எடிசன், ஜூல் என்று மூன்று வகைப் பலகைகளைக் கொண்டுவந்து, 2017இல் மூன்றையும் ஒரேயடியாக நிறுத்தியது. ஜூலுக்கு ஒரு வயதுகூட முழுதாக ஆகவில்லை. மைக்ரோசாஃப்ட் 2015இல் ராஸ்பெர்ரி பை 2க்கு விண்டோஸ் 10ஐ இலவசமாகத் தருவதாக அறிவித்தபோது, நம் ஊர்க் கல்லூரிகளில் பலர் துள்ளிக் குதித்தார்கள். வந்தது ‘ஐஓடி கோர்’. அதில் நாம் அறிந்த விண்டோஸ் மேசைத்திரையே கிடையாது. 2019இல் பை 4 வந்தபோது அதற்கான பதிப்பை மைக்ரோசாஃப்ட் தரவே இல்லை.

கொரோனாவுக்குப் பிந்தைய சிப் தட்டுப்பாட்டில், 2021 முதல் 2023 வரை ராஸ்பெர்ரி பை கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. கிடைத்த இடத்தில் விலையை ஏற்றி விற்றார்கள். பலரும் வேறு பலகைகளுக்குப் போனது அப்போதுதான். சென்னை ரிச்சி தெருவில் அந்த நாள்களில் கடைக்காரர்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: “பை இல்ல சார். இது எடுத்துக்குங்க, அதைவிட ஸ்பீடு, விலையும் கம்மி.” பொய் இல்லை. சிப் வேகமானது, விலை குறைவு. வீட்டுக்குப் போய் மெமரி கார்டில் ஏற்ற இயங்குதளத்தைத் தேடினால், நிறுவனத்தின் பக்கத்திலிருந்து யாருடைய கூகுள் டிரைவுக்கோ ஓர் இணைப்பு இருக்கும். கோப்பின் தேதி இரண்டு ஆண்டு பழசு. ஹெச்டிஎம்ஐ வரும், ஒலி வராது. ஒலி வந்தால் வைஃபை வராது. கேமராவுக்கு ஒரு தனிக் கெர்னல், வீடியோ வேகமாக ஓட வேறொரு கெர்னல். இரண்டும் ஒன்றாக வேண்டும் என்றால் விவரம் தெரிந்த ஒருவர் எங்காவது ஒரு மூலையில் எழுதிவைத்த குறிப்பைத் தேடிப் படிக்க வேண்டும். பொறியியல் மாணவனுக்கு இதுவே ஒரு படிப்புதான், மறுக்கவில்லை. 40 மாணவர்களை உட்கார வைத்துக்கொண்டு நிற்கும் பள்ளி ஆசிரியருக்கு?

கேட்பாரற்ற சின்னக் கணினிகள்

பராமரிப்பு இல்லாத இயங்குதளம் என்பது வேகக் குறைவு, வசதிக் குறைவோடு முடியும் விஷயம் அல்ல. கேட்பாரற்றுக் கிடக்கும் பலகை திருடர்களுக்குத் திறந்த கதவு. 2018 ஏப்ரலில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்துக்குள் ஊடுருவியவர்கள் 500 எம்பி அளவு தரவைத் திருடினார்கள். உள்ளே நுழைய அவர்கள் பிடித்த வழி, யாருடைய அனுமதியும் இல்லாமல் வலையமைப்பில் செருகப்பட்டிருந்த ஒரு ராஸ்பெர்ரி பை. பல மாதங்கள் யாருக்கும் தெரியவில்லை. நாசாவின் தணிக்கை அலுவலகமே 2019இல் இதை வெளியிட்டது. அந்த ஊடுருவலுக்கு முந்தைய ஆண்டு, 2017இல், கடவுச்சொல்லை மாற்றாத பைகளாகப் பார்த்து நுழைந்து, அவற்றில் மெய்நிகர் நாணயம் தோண்டும் தீநிரல் ஒன்று பரவியது. எல்லாப் பைகளுக்கும் பயனர் பெயர் ‘பை’, கடவுச்சொல் ‘ராஸ்பெர்ரி’. உலகத்துக்கே தெரிந்த சாவி.

2022 ஏப்ரலில்தான் அந்தப் பொதுப் பயனரை ராஸ்பெர்ரி பை ஓஎஸ் நீக்கியது. இப்போது முதல் முறை எழும்போதே பெயரையும் கடவுச்சொல்லையும் நாமே வைத்தாக வேண்டும். பத்து ஆண்டு தாமதம். இந்தத் தாமதத்தை முடித்துவைத்ததில் நல்லெண்ணத்தோடு சட்டங்களுக்கும் பங்கு உண்டு. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம், இணையத்தோடு சேரும் நுகர்வோர் கருவிகளில் எல்லோருக்கும் பொதுவான கடவுச்சொல்லைத் தடைசெய்கிறது. அதைவிட முக்கியமாக, குறைந்தபட்சம் எதுவரை பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவோம் என்று தயாரிப்பாளர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், பொதுவாக ஐந்து ஆண்டாவது ஆதரவு தர வேண்டும் என்று கேட்கிறது. அதன் முக்கியப் பிரிவுகள் 2027 டிசம்பரில் அமலுக்கு வரும்.

நம் பக்கம் வருவோம். மாவட்டத் தலைநகர் ஒன்றின் பேருந்து நிலையத்தில், புறப்பாட்டு நேரம் காட்ட வேண்டிய பெரிய திரையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை ஆங்கில எழுத்துகள் உறைந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். கடைசி வரியில் ‘கெர்னல் பேனிக்’. திரைக்குப் பின்னால் சிறு பலகை ஒன்று, அதற்கு மின்சாரம் கொடுத்தது கைபேசி சார்ஜர். கீழே நின்றிருந்த பெரியவர் ஒருவர் அதையே மதுரை வண்டியின் நேரம் என்று நினைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். விசாரித்தபோது நேரக் காப்பாளர் சொன்னார்: “மாட்டிட்டுப் போனவங்க நம்பர் இப்ப எடுக்கறதில்ல சார்.”

இந்தச் சாவு எப்படி நிகழ்கிறது என்பது தெரிந்த கதை. சிறு பலகைகளில் இயங்குதளம் இருப்பது மெமரி கார்டில். பலகை சும்மா இருக்கும்போதுகூட, நடப்பதையெல்லாம் அது கார்டில் குறித்துக்கொண்டே இருக்கும். எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் கோப்பு அமைப்பு உடையும். பத்து முறை தப்பிக்கலாம், பதினோராவது முறை எழாது. சார்ஜரோ கேபிளோ மட்டமானதாக இருந்து மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், ராஸ்பெர்ரி பையின் திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி ஒன்று தோன்றும். அதைக் கண்டும் காணாமல் விடுபவர்களே அதிகம். சில பள்ளி ஆய்வகங்களில் அந்த மின்னலை அலங்காரம் என்றே மாணவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

இதற்குத் தீர்வும் இயங்குதளத்திலேயே உண்டு. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் அமைப்புப் பட்டியலில் ‘ஓவர்லே’ என்று ஒரு வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் கார்டில் எதுவும் எழுதப்படாது. மாற்றங்கள் எல்லாம் நினைவகத்தோடு போய்விடும். திடீரென்று கரண்ட் போனாலும் மறுபடி வந்ததும் பழைய நிலையில் எழும். அறிவிப்புத் திரைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யத் தெரிந்த ஆளுக்கு ஒப்பந்தத்தில் இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நல்ல உதாரணங்களும் இருக்கின்றன. ‘இன்டர்நெட் இன் எ பாக்ஸ்’ என்ற திட்டத்தில், ஒரு ராஸ்பெர்ரி பையும் பெரிய மெமரி கார்டும் இருந்தால், இணையமே இல்லாத ஊரில் அந்தப் பலகையே வைஃபை தரும். அதில் சேரும் கைபேசியில் விக்கிப்பீடியா திறக்கும். கிவிக்ஸ் என்ற மென்பொருள் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவையும் முழுதாக உள்ளே வைக்கலாம். மலைக் கிராமத்துப் பள்ளிக்கு இதைவிடச் செலவு குறைந்த நூலகம் கிடையாது. தமிழைப் பொறுத்தவரை டெபியன் வழியில் வரும் இயங்குதளங்களுக்கு ஓர் அனுகூலமும் உண்டு: லோகித் எழுத்துரு, தமிழ்99 விசைப்பலகை எல்லாம் களஞ்சியத்திலேயே கிடைக்கும். எழுத்துருவை நிறுவாமல் விட்டால் தமிழ் வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள்தான்.

கேரளத்தைப் பாருங்கள். அங்கே பள்ளிக் கணினிக் கல்வி பல ஆண்டுகளுக்கு முன்பே கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டது. கைட் என்ற அரசு நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்து, பாடப்புத்தகத்துக்கு ஏற்ற செயலிகளோடு, பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளத்தைப் பதிப்புப் பதிப்பாக வெளியிடுகிறது; ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அதே நிறுவனம்தான் தருகிறது. மாணவர்களுக்கு ராஸ்பெர்ரி பை கொடுத்துப் பார்த்த மாநிலமும் அதுவே. அங்கே வாங்கியதைவிடப் பெரிய விஷயம், பார்த்துக்கொள்ள ஒரு நிரந்தரக் குழு இருப்பது.

நமக்கும் ஆள் இல்லாமல் இல்லை. டெபியனை அடிப்படையாகக் கொண்ட ‘பாஸ்’ இயங்குதளத்தை உருவாக்கியது சென்னையில் உள்ள சிடாக் என்ற அரசு ஆய்வு நிறுவனம். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதையும் வைத்துக் கொடுத்தார்கள். எத்தனை மாணவர்கள் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத இயங்குதளத்தை யார் திறப்பார்கள்? சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழு உருவாக்கிய சக்தி சிப்பில் 2018இல் லினக்ஸ் எழுந்தது. ரிஸ்க்-வி என்ற, யாருக்கும் உரிமத்தொகை தர வேண்டாத வடிவமைப்பு அது. நாளை அந்தச் சிப் வைத்த மலிவுப் பலகை நம் பள்ளிகளுக்கு வந்தால் மகிழ்ச்சிதான். அன்றும் அதன் இயங்குதளத்தை எத்தனை ஆண்டுக்கு யார் பார்த்துக்கொள்வார்கள் என்றே கேட்பேன். நம் நாட்டுச் சிப் என்பதற்காக உறைந்த கெர்னலை ஏற்க முடியாது.

இவ்வளவு சொல்வதால் ராஸ்பெர்ரி பைக்குக் கொடி பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதன் பலகையை எழுப்பும் முதல் நிலை நிரல் இன்றும் மூடியதுதான். பழைய பைகளில் முதலில் விழிப்பதே சிப்பின் வரைகலைப் பகுதி, அதன் நிரலை வெளியார் படிக்க முடியாது. 2021 தொடக்கத்தில் ஒரு புதுப்பிப்போடு மைக்ரோசாஃப்டின் மென்பொருள் களஞ்சிய முகவரியைப் பயனர்களிடம் சொல்லாமல் சேர்த்துவிட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். இன்று அதன் விற்பனையில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கும் கருவி தயாரிப்பாளர்களுக்கும் போகிறது. பங்குதாரருக்குப் பதில் சொல்லும் நிறுவனம் என்றைக்கும் பள்ளிப் பிள்ளையையே நினைத்துக்கொண்டிருக்கும் என்று நம்புவது அப்பாவித்தனம். அதனால்தான் ‘பை மட்டும் வாங்கு’ என்பது விடையல்ல. பொதுக் கெர்னலில் சேர்ந்த எந்தப் பலகையும் சரி. தட்டச்சும் இணையமும் மட்டுமே தேவை என்றால், செப்பனிட்ட பழைய மேசைக் கணினியே மேல். பலகையின் 40 இணைப்புக் கால்களில் சென்சரும் மோட்டாரும் செருகும் வேலை இருந்தால்தான் சிறு பலகைக்கு அர்த்தம்.

பணம் பெரிய தடையும் அல்ல. நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். அதில் ஒரு பகுதி நடைமுறைச் செலவுக்கென்றே ஒதுக்கப்படுகிறது. கொள்கையும் இருக்கிறது: அரசு அலுவல்களில் திறந்தமூல மென்பொருளுக்கு முன்னுரிமை என்று ஒன்றிய அரசு 2015இலேயே அறிவித்துவிட்டது. லினக்ஸ் கெர்னலின் உரிமப்படி, அதை வைத்துப் பொருள் விற்பவர் மாற்றிய மூலநிரலைத் தந்தே ஆக வேண்டும், கேட்டால் போதும். நாம்தான் கேட்பதில்லை. அரசு மின்சந்தையான ஜெம்மில் பலகை வாங்கும் அதிகாரி சிப்பின் வேகம், நினைவகம், ஓராண்டு உத்தரவாதம் ஆகியவற்றைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். அந்த உத்தரவாதம் சிப் எரிந்துபோனால் மாற்றித் தருவதற்கு. சிப் எரிவதில்லை.

பள்ளிக் கல்வித் துறைக்கும், நகராட்சிகளுக்கும், போக்குவரத்துக் கழகங்களுக்கும் வேண்டுகோள் இது. அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் ஒரு பத்தி சேருங்கள். இந்தப் பலகைக்கு எந்த ஆண்டு, எந்த மாதம் வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும், அதை யார் தருவார், பலகை பொதுக் கெர்னலில் சேர்ந்திருக்கிறதா, இல்லையென்றால் மூலநிரலை ஒப்படைப்பீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். வாங்கும் நாளன்றே இயங்குதளக் கோப்பின் நகல் ஒன்றை அரசின் சர்வரில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதாத நிறுவனத்தின் விலைப்புள்ளி உறையை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், பிரிக்கவே வேண்டாம்.